இருமலுக்கு எழுதியது, தூக்கத்துக்குப் போனது

"இதக் குடுத்துப் பாருளா. சாயங்காலம் வரைக்கும் பய அசைய மாட்டான்."

கடைப் படியில் இறங்கும்போது ஒருத்தி இன்னொருத்தியிடம் மெல்லச் சொன்னது. எனக்குச் சொன்னதில்லை. மருந்துக் கடையில் நின்று பழகியவர்களுக்குத் தெரியும், நம் தொழிலில் முக்கியமான சேதி எல்லாம் பாட்டிலை வாங்கிக்கொண்டு முதுகைத் திருப்பிய பிறகுதான் வெளியே வரும். முகத்துக்கு நேரே நின்று யாரும் எதையும் சொல்வதில்லை.

தொண்ணூறுகளில், பார்மசி படித்து முடித்த கையோடு கொக்கிரகுளத்தில் ஒரு மருந்துக் கடையில் சேர்ந்திருந்தேன். ஆற்றுப் பாலம் பக்கம்தான். மத்தியானம் ஆனால் ஆற்றுக் காற்று தெருவைத் தாண்டி உள்ளே வரும். அலமாரியில் தொங்கும் மாத்திரை அட்டைகள் ஒன்றோடொன்று உரசி, யாரோ தூரத்தில் கொலுசு போட்டு நடப்பதுபோல் சத்தம் கேட்கும். முதலாளி ஞானராஜ் அண்ணாச்சி நாற்காலியிலேயே தூங்கிப்போவார். தெருவும் தூங்கும். நான் மட்டும் விழித்திருந்து, ஜாடி ஜாடியாகப் பிறருடைய தூக்கத்தைக் காவல் காப்பதாக நினைத்துக்கொள்வேன்.

படியிறங்கியவள் இசக்கி. பக்கத்துக் குறிச்சியில் பீடி சுற்றுகிறவள். புகையிலைத் தூளின் நெடியில் அவளுக்கு இருமல் பிடித்திருந்தது. டாக்டர் எழுதிய சீட்டுக்கு நான்தான் அந்தச் சிவப்பு சிரப்பை எடுத்துக் கொடுத்தேன். குடித்தால் இருமல் அடங்கும், கூடவே கண்ணும் சொக்கும். இடுப்பில் தவழும் வயதுப் பிள்ளை, பெயர் சுடலை. யோசனை சொன்னது கூட வந்த பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா. அந்த 'பய' யார் என்று புரிந்ததும் நான் கடை முகப்பு மேசையின் தூக்குப் பலகையை உயர்த்திவிட்டு வெளியே வந்தேன். எனக்குக் குரல் சின்னது. இருந்தாலும் சொன்னேன். இது பெரியவர்கள் மருந்து, இசக்கிக்கு மட்டும் எழுதியது, ரெண்டு வயசு ஆகாத பிள்ளைக்கு ஒரு சொட்டுகூடக் கூடாது என்று. இசக்கி தலையை ஆட்டினாள். பேச்சியக்கா என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னாள்:

"பெரியவுகளுக்குப் பெரிய மூடி, சின்னவனுக்குச் சின்ன மூடி. இதுக்குப் போயி பதறுதியே தாயி."

தோல் போர்த்திய சீட்டு

அப்போது ஊரில் லேமினேஷன் புதுசு. ரேஷன் கார்டு, மார்க் ஷீட், தாத்தா படம் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் பளபளவென்று மூடி வைத்துக்கொண்டிருந்தார்கள். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் மருந்துச் சீட்டையே லேமினேட் செய்து கொண்டுவந்தார். எந்தக் காலத்திலோ, எந்த டாக்டரோ எழுதியது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கண்ணாடித் தாளுக்குள் கோடு கோடாகத் தெரிந்தது. வருடா வருடம் மார்கழிப் பனி இறங்கியதும் சட்டைப் பையிலிருந்து எடுப்பார். அழியாது, நனையாது, யாரும் அதன்மேல் 'கொடுத்தாயிற்று' என்று முத்திரையும் குத்த முடியாது.

அந்தச் சீட்டு எழுதியபோது உங்களுக்கு பிரஷர் இருந்ததா சார் என்று கேட்டேன். இல்லையாம். இப்போது பிரஷருக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறாராம். அப்படியானால் இந்த சிரப்பும் அந்த மாத்திரையும் சேர்ந்தால் மயக்கம் கூடும், டாக்டரிடம் புதுசாகக் காட்டிவிட்டு வாருங்கள் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் என் காது சிவந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. சீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஆற்றுப் பக்கத்து வெயில் அதில் பட்டு, கூரையில் ஒரு சின்ன வெள்ளை மீன் நீந்தியது. நாங்கள் இரண்டு பேருமே அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு சொன்னார்:

"டாக்டர் செத்துட்டாரு, நான் ரிட்டையர் ஆயிட்டேன். இருமல் மட்டும்தாம்மா சர்வீஸ்ல இருக்கு."

ஒரு பாட்டில், ஒரு பாட்டுக்குழு

டிசம்பர் வந்தால் பாளையங்கோட்டையில் தொண்டைகளுக்கு வேலை அதிகம். கிறிஸ்தவக் கோயில் பாட்டுக்குழுவில் பாடும் ஜெபராணி டீச்சருக்கு இருமல் வந்து டாக்டர் சிரப் எழுதினார். வாங்கிக்கொண்டு நேரே பாட்டுப் பயிற்சிக்குப் போயிருக்கிறார். குடித்ததும் தொண்டை இதமாயிற்று என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். அங்கே ஒரு வீட்டு அதிரசம் என்றாலும் எல்லாரும் பிட்டுத் தின்கிற பழக்கம். பாட்டில் வரிசையாகக் கை மாறியது. இருமல் உள்ளவர், இல்லாதவர், இருமல் வரலாம் என்று பயந்தவர், எல்லாரும் ஆளுக்கொரு மூடி. மறுநாள் ஆராதனையில் பாடுவதற்கு முன்னால் இன்னொரு சுற்று.

முதல் பாட்டு தேன்போல இருந்ததாம். ஐயர் என்று எங்கள் பக்கம் சொல்கிற பாதிரியார் பிரசங்கம் தொடங்கியபோது பின்வரிசை ஆண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள். பிரசங்கத்துக்குப் பிறகு எழுந்து பாட வேண்டிய பாட்டுக்கு ஆர்மோனியம் மட்டும் எழுந்தது. ஸ்கூட்டரில் வந்த ஒருவரை ஓட்டவிடாமல் பிடித்து நிறுத்தி, வண்டியை இரண்டு பேர் தள்ளிக்கொண்டு போனார்கள் என்றதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒருத்தருக்கு எழுதிய மருந்தை இன்னொருத்தர் குடிக்கக் கூடாது, குடித்துவிட்டு வண்டியும் ஓட்டக் கூடாது டீச்சர் என்றேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பார்ப்பதுபோலவே என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்:

"ஐயர் கேட்டாரு. கண்ண மூடி ஜெபத்துல இருந்தோம்னு சொல்லிட்டோம், நீ வேற ஒண்ணும் சொல்லிராத."

தாலாட்டு

இசக்கி திரும்ப வந்தது தை மாத வெயிலில். காலிப் பாட்டிலைப் பலகைமேல் வைத்து, "இதே மருந்து எக்கா" என்றாள். சுடலை அவள் தோளில் வாயைத் திறந்தபடி தூங்கினான். பிள்ளைகள் தூங்கும்போது கை விரல் அசையும், உதடு எதையாவது சப்பும், கனவில் யாரையோ பார்த்துச் சிரிக்கும். இவன் எதுவும் செய்யவில்லை. தண்ணீரில் நனைத்துப் போட்ட துணிபோலத் தொங்கினான்.

பாட்டிலில் இருந்ததை யார் குடித்தது என்று கேட்டேன். "நான்தாம் எக்கா" என்றாள். சொல்லும்போது பிள்ளையின் தலையில் முந்தானையை இழுத்து மூடினாள். புதுச் சீட்டு இல்லாமல் கொடுக்க முடியாது என்றேன். பிறகு நான் படித்ததை எல்லாம் அவளிடம் சொன்னேன். இந்த மருந்து பெரிய ஆளின் இருமலைத்தான் அடக்கும், சின்னப் பிள்ளையின் மூச்சையே அடக்கிவிடும், தூங்குவது போலத்தான் இருக்கும், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்று. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. கடைக்குள் அண்ணாச்சியின் குறட்டை, வெளியே சைக்கிள் பம்பின் சத்தம். இசக்கி பலகையில் கை ஊன்றிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கண் ரெண்டும் செருகிச் செருகித் திறந்தன. விடியுமுன் எழுந்து இலை நறுக்கியவள். முடித்ததும் சொன்னாள்:

"நீங்க பேசுதது தாலாட்டு மாதிரி இருக்கு எக்கா. எனக்கே தூக்கம் வருது."

அரபு எழுத்து

காயல்பட்டினத்திலிருந்து மகளின் பிரசவத்துக்காக வந்து தங்கியிருந்தார் ஓர் அம்மா. மகன் வளைகுடாவிலிருந்து அனுப்பிய இருமல் மருந்தை எடுத்துவந்து, இதை எவ்வளவு குடிக்க வேண்டும் என்று கேட்டார். அழகான பாட்டில். ஆங்கிலம் இருந்த பக்கம் எண்ணெய் பட்டுக் கரைந்திருந்தது. மிச்சமெல்லாம் அரபு. எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். எனக்கு வாசிக்க வரும் என்றார்.

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து வாசித்தார். ஒவ்வொரு எழுத்தும் அதனதன் இடத்தில் நின்றது. குரல் ஏறி, தங்கி, இறங்கியது. மருந்து வாங்க வந்த ஒருவர் செருப்பைக் கழற்றினார். அண்ணாச்சி விழித்துக்கொண்டு நேராக உட்கார்ந்தார். நல்ல மழைக்குப் பிறகு ஆறு போகிற சத்தம்போல அந்த மருந்தின் அளவும் எச்சரிக்கையும் எங்கள் கடைக்குள் ஓடின. முடிந்ததும், என்ன போட்டிருக்கிறது என்று ஆவலாகக் கேட்டேன். என்ன என்று தெரியாத மருந்தைத் திறக்காமல் டாக்டரிடம் காட்டுவோம் என்று பிறகு முடிவானது. அதற்கு முன்னால் அவர் சிரித்துக்கொண்டே சொன்ன பதில் இது:

"குர்ஆன் ஓதத்தாம்மா படிச்சுத் தந்தாங்க. அர்த்தம் கேட்டா நான் எங்கிட்டுப் போவேன்."

அவர் போன பிறகு நான் இசக்கியை நினைத்துக்கொண்டேன். நான் அவளிடம் சொன்னதும் அப்படித்தான் அவள் காதில் ஓடியிருக்கும்.

ஒரு மூச்சும் அடுத்த மூச்சும்

பங்குனியில் ஒரு மத்தியானம். தெருவில் நாய்கூட இல்லை. இசக்கி அரை ஓட்டமாக வந்தாள். பின்னால் பேச்சியக்கா. "எந்திரிக்க மாட்டேங்கான் எக்கா" என்று சொல்லிப் பிள்ளையைப் பலகைமேல் கிடத்தினாள். என்ன கொடுத்தாய் என்று கேட்டேன். அவள் பேச்சியக்காவைப் பார்த்தாள். பேச்சியக்கா தரையைப் பார்த்தாள். பேச்சியக்கா வீட்டில் அதே மருந்து பாதிப் பாட்டில் இருந்திருக்கிறது. காலையில் ஒரு மூடி. தூங்கவில்லை என்று சற்றுப் பொறுத்து இன்னொரு மூடி.

குனிந்து பார்த்தேன். ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சு வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு எங்கோ தூரத்தில் நின்றது. பிறகு வந்தது. உள்ளங்காலில் தட்டினேன். இமை துடித்தது, திறக்கவில்லை. "அண்ணாச்சி" என்று கூப்பிட்டேன். என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்கே தெரியாது. அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. இசக்கியும் பிள்ளையும் அவர் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினார்கள். பேச்சியக்கா முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த மீதிப் பாட்டிலை மறக்காமல் டாக்டரிடம் காட்டச் சொல்லி அவள் கையில் திணித்தேன். 'தட்டிக்கொண்டே இரு, தூங்கவிடாதே' என்று கத்தினேன். ஸ்கூட்டர் பாலத்துப் பக்கம் போய் மறைந்த பிறகும், தெரு எப்போதும்போல அரைத் தூக்கத்தில்தான் இருந்தது. வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் சேதி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் மாட்டிப் படுக்கவைத்து, பக்கத்திலேயே ஒரு நர்ஸ் உட்கார்ந்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். விடியும்போது கண்ணைத் திறந்து, நர்ஸின் தொப்பியைப் பிடித்து இழுத்திருக்கிறான். அண்ணாச்சி அன்றைக்கு மத்தியானம் தூங்கவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, உட்காராமலே சொன்னார்:

"தூங்கத் துடிச்சு எத்தனையோ பேரு இங்கன வந்து நின்னுருக்கான். முழிச்சிட்டான்னு ஒருத்தனுக்காவ சந்தோசப்பட்டது இப்பதான்."

எந்த விஷம்

பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு இசக்கி வந்தாள். எதுவும் வாங்க வரவில்லை. படியில் உட்கார்ந்தாள். சுடலை அவள் மடியிலிருந்து நழுவி நழுவிப் போனான். தரையில் கிடந்த அட்டைத் துண்டு, என் செருப்பு, ஒரு கட்டெறும்பு, எல்லாம் அவன் வாய்க்குத்தான். அவள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே பேசினாள். அவளைத் திட்ட வேண்டும் என்று எனக்குள் சில வாக்கியங்கள் தயாராக இருந்தன.

அவள் இருப்பது ஒற்றை அறை. மடியில் சுளவு என்கிற முறம், அதில் இலையும் புகையிலைத் தூளும். ஒரு கண் இலையில், ஒரு கண் பிள்ளையில். புருஷன் லாரியில் பாரம் ஏற்றப் போனால் எப்போது வருவான் என்று சொல்ல முடியாது. அந்தத் தெருவில் எல்லார் மடியிலும் சுளவு, யாரிடம் பிள்ளையைக் கொடுப்பது. தொட்டிலில் போட்டால் எகிறிக் குதிக்கிறான். சேலையால் தூணில் கட்டினால் சுற்றிச் சுற்றிக் கழுத்துக்கு வருகிறது. விட்டால் நேரே தூளுக்கு வருகிறான். ஒருநாள் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு, வாந்தியும் நுரையுமாகக் கிடந்திருக்கிறான். அதற்குப் பிறகுதான் பேச்சியக்காவின் யோசனை அவளுக்குச் சரி என்று பட்டது. சோம்பலுக்காகத் தூங்க வைக்கவில்லை, பயத்தில் தூங்க வைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதில் சண்டை இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்:

"முழிச்சிருந்தா பொயில, தூங்குனா சிரப்பு. ரெண்டுல எது கொறச்ச விஷம்னு உங்க புஸ்தகத்துல போட்டிருக்கா எக்கா?"

குறிச்சியில் ஒரு ஞாயிறு

அப்புறம் அவள் வரவில்லை. வராமல் இருப்பது நல்லதா கெட்டதா என்று மருந்துக் கடைக்காரர்களால் ஒருபோதும் சொல்ல முடியாது. வேறு கடையில் வாங்குகிறாளோ என்று தோன்றும். வேறு யார் வீட்டிலாவது பாதிப் பாட்டில் இருக்குமோ என்றும் தோன்றும். பலகைக்கு இந்தப் பக்கம் நின்று இருமலுக்கு எந்த மருந்து, எத்தனை மூடி என்று யாருக்கு வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். பிள்ளையை எங்கே வைப்பது என்று கேட்டால் மட்டும் நம் அலமாரி முழுக்கத் தேடினாலும் ஒரு பாட்டில் இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கால் தயங்கத் தயங்க, குறிச்சிக்கு நடந்தேன். தெரு முழுக்கப் புகையிலை வாசம். வாசலுக்கு வாசல் பெண்கள் தலை குனிந்து விரல்களை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்கள். கத்தரிகள் இலையை நறுக்கும் சத்தம், தெருவே வெற்றிலை மெல்வது மாதிரிக் கேட்டது. ஏதோ ஒரு வீட்டு ரேடியோவில் பாட்டு தேய்ந்து தேய்ந்து வந்தது. எதிரே பேச்சியக்கா, சுளவை இடுப்பில் வைத்து வந்தாள். என்னைக் கண்டதும் நின்றாள். கையை நீட்டிக் காட்டினாள். "அந்தா, வேப்பமரத்து வீடு. போயிப் பாரு. அவளுக்குக் கிறுக்கு பிடிச்சிட்டோன்னு இருக்கும் ஒனக்கு" என்றாள்.

வீட்டு முன் இருந்த சின்ன முற்றத்தின் மூலையில் கயிற்றுக் கட்டில் ஒன்று பக்கவாட்டில் நிமிர்ந்து நின்றது. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே ஓர் ஆள் உட்காரும் இடம். மீதி இடைவெளியைப் பழைய கதவு ஒன்று அடைத்திருந்தது. பிள்ளையை அடைத்து வைத்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டே போனால், உள்ளே உட்கார்ந்திருந்தது இசக்கி. மடியில் சுளவு, பக்கத்தில் தூள் டப்பா, இலைக் கட்டு, கை கழுவ ஒரு செம்புத் தண்ணீர். தன்னையும் தூளையும் கூண்டுக்குள் போட்டுக்கொண்டு, முற்றம் முழுவதையும் பிள்ளைக்கு விட்டிருந்தாள்.

சுடலை வெளியே இருந்தான். உடம்பெல்லாம் புழுதி. ஒரு கோழியைத் துரத்தினான். அது போனதும் உதிர்ந்த வேப்பங்காயைத் தின்னப் பார்த்தான். கசந்ததும் துப்பினான். பிறகு அம்மாவின் நினைவு வந்து கட்டிலை நோக்கித் தவழ்ந்து வந்தான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, உள்ளே வர வழி இல்லை என்று கண்டதும், தெருவே கேட்கும்படி அழுதான். அவ்வளவு முழுசாக, அவ்வளவு கண் விழித்து ஒரு பிள்ளை அழுது நான் அதுவரை கேட்டதில்லை.

"இருலே, இந்தக் கட்டு முடியட்டும்" என்றாள் இசக்கி. அவன் இருக்கவில்லை.

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். பத்தும் தூளாக இருந்தன. கையை நீட்டவில்லை. செம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றிக் கழுவி, அந்தக் காலைக் கயிற்றுச் சந்து வழியே வெளியே நீட்டி, பெருவிரலை அவன் பிடிக்கக் கொடுத்துவிட்டு, அடுத்த இலையை எடுத்துச் சுருட்டினாள்.